விண்வெளித் தரப்புகளும் ஒரு 40 புள்ளிக் கப்பலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் வார இணைப்பில் அறிவியல் புனைவு மேசைப் போர் விளையாட்டு பற்றி வந்த கட்டுரையையும், அதோடு வெட்டி எடுத்துக்கொள்ளும்படி அச்சிட்டிருந்த கப்பல் அட்டைகளையும் பார்த்தோம். இந்த விளையாட்டுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் அதை நம்பி விளையாட உட்காருபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். எதிரெதிர்த் தரப்புகளை உருவாக்க ஆளுக்கொரு நிறம், ஒரு கொடி, ஒரு பழைய பகை போதும் என்பது போலக் கட்டுரை பேசுகிறது. இரு பக்கமும் சமமான புள்ளிகளுக்குக் கப்பல் வாங்கி மோதும் இந்த ஆட்டத்தில், அட்டையிலோ பெரிய கப்பலுக்கு 40 புள்ளி விலை போட்டிருக்கிறது. முன்னது ரசனை என்று விட்டுவிடலாம், பின்னது கணக்குப் பிழை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கதையில் சொன்ன வித்தியாசம் மேசைக்கு வந்ததும் என்ன ஆகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ஒரு தரப்பிடம் என்ன இருக்கிறது என்று எழுதத் தொடங்கினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மூன்று தரப்பும் கடைசியில் ஒன்று போலவே ஆகிவிடும். என்ன இல்லை என்று தொடங்குங்கள். அந்த இல்லாமையை நாமாகக் கற்பனை செய்யக்கூட வேண்டாம், சூரியக் குடும்பமே எடுத்துக் கொடுக்கிறது. உதாரணத்துக்குச் செவ்வாய், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் குறுங்கோளான சீரிஸ், வியாழனின் நிலவான கலிஸ்டோ என்று மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து விடுபட நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வேண்டும். சுமார் 940 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள சீரிஸிலிருந்து கிளம்ப அரை கிலோமீட்டர் போதும். கலிஸ்டோவுக்கு இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. வெயிலோ சூரியனிலிருந்து விலக விலகக் குறைகிறது. பூமியருகே ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் விழும் சூரிய ஒளி, செவ்வாயில் சுமார் 590, சீரிஸில் 180க்குள், வியாழன் பக்கம் போனால் வெறும் 50 வாட்.

இந்த ஆறு எண்களே பாதி வேலையை முடித்துவிடும். கலிஸ்டோவில் சூரியத் தகட்டை நம்பிப் பிழைக்க முடியாது. அணு உலைதான் கதி. பனிக்கட்டி உலகில் கதிரியக்கத் தாதுவைத் தேடி அலைவதைவிட, பாறைக் கோளான செவ்வாயிடம் வாங்குவது சுலபம். செவ்வாயில் தாது உண்டு, ஆள் உண்டு, தொழிற்சாலை வைக்க நிலம் உண்டு. ஆனால் தரையிலிருந்து ஒவ்வொரு டன் எரிபொருளையும் அந்த 5 கிலோமீட்டர் கிணற்றிலிருந்து இறைத்தாக வேண்டும். சீரிஸில் பனிக்கட்டி வேண்டிய மட்டும் கிடைக்கும், தூக்கி அனுப்பும் செலவு அற்பம்; ஆனால் பெரிய உலையோ கனரகத் தொழிலோ இல்லை. ஆக, சீரிஸ் தண்ணீர் விற்கிறது, செவ்வாய் உலோகமும் அணு எரிபொருளும் விற்கிறது, கலிஸ்டோ, கப்பல்களுக்கு வேகம் கூட்டிக்கொடுக்கும் வியாழனின் மாபெரும் ஈர்ப்பைச் சுங்கச்சாவடி போலப் பிடித்துக்கொண்டு வெளிக்கோள்களுக்குப் போகிறவர்களிடம் வசூலிக்கிறது. ஒருவரை ஒருவர் அழித்துவிட்டால் தாங்களும் பிழைக்க முடியாத மூவர். இந்தப் பகைதான் பத்து ஆட்டம் தாண்டியும் சலிக்காமல் இருக்கும். ‘ஆதிகாலப் பகை’ இரண்டாவது ஆட்டத்திலேயே வெளிறிவிடும்.

தண்ணீர்க் கணக்கை இன்னும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் நல்ல விதி ஒன்று அதற்குள் இருக்கிறது. 9 டன் நீரை மின்சாரத்தால் பிரித்தால் 1 டன் ஹைட்ரஜனும் 8 டன் ஆக்சிஜனும் வரும். ஆனால் ஹைட்ரஜன்–ஆக்சிஜன் எஞ்சின்கள் அந்த விகிதத்தில் எரிப்பதில்லை; ஒன்றுக்கு ஆறு என்ற அளவில்தான் எரிக்கின்றன. மீதி 2 டன் ஆக்சிஜன் கையில் நிற்கிறது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு மூச்சுவிட ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் தேவை. அப்படியென்றால் ஒவ்வொரு டன் ஹைட்ரஜனுக்கும் கிட்டத்தட்ட 2,380 பேரின் ஒரு நாள் மூச்சு உபரியாகக் கிடைக்கிறது. சீரிஸின் எரிபொருள் ஆலையும் சுவாச ஆலையும் ஒரே கட்டடம்! இதை விதியாக்குவது எளிது: ஆலையை இழந்த சீரிஸ் தரப்பு அந்தச் சுற்றிலிருந்து எரிபொருள் வில்லை (கணக்குக்காக அட்டைமேல் வைக்கும் சிறு வட்டு) வாங்க முடியாது, மூன்றாவது சுற்று முடிவில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு குழுவினர் வில்லையை எடுத்துவிட வேண்டும். எதிராளி ஆலையைத் தாக்கும்போது தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கு உறைக்கும். கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதினாலும் வராத உணர்ச்சி இது.

அடுத்தது நகர்வு. எல்லாத் தரப்புக்கும் ‘வேகம் 6, வேகம் 8’ என்று எழுதிவிட்டால் எஞ்சின் கதை வீண். வேதி எஞ்சினின் புகை நொடிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டரில் வெளியேறுகிறது. அதே அளவு வேகமாற்றம் வேண்டுமென்றால் கப்பலின் மொத்த எடை, காலி எடையைப் போல 2.7 மடங்கு இருக்க வேண்டும். இரட்டிப்பு வேகமாற்றத்துக்கு 7.4 மடங்கு, மூன்று மடங்குக்கு 20 மடங்கு. ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் எழுதிய இந்தச் சமன்பாட்டை எந்த வீரத் தளபதியாலும் ஏமாற்ற முடியாது. அயனி எஞ்சினுக்கு வெளியேறும் வேகம் 30 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் எரிபொருள் மிச்சம். ஆனால் தள்ளுவிசை மிகக் குறைவு. 2015இல் சீரிஸை எட்டிய நாசாவின் டான் விண்கலத்தின் அயனி எஞ்சின் தந்த உந்துதல், உள்ளங்கையில் ஒரு தாளை வைத்தால் உணரும் எடை அளவுதான். மேசையில் இதன் பொருள்: சீரிஸின் அயனிச் சரக்குக் கப்பல் ஆட்டம் தொடங்கும்போது எந்தத் திசையில் எத்தனை கட்டம் போய்க்கொண்டிருந்ததோ, கடைசிச் சுற்று வரை அப்படியே போகும். திரும்பாது, ஒதுங்காது. செவ்வாயின் வேதிக் கப்பல் வளைந்து நெளியும், ஆனால் மூன்று முறைதான். அதற்கு மூன்று எரிபொருள் வில்லை மட்டும் கொடுங்கள்.

கலிஸ்டோவின் அணு உலைக் கப்பலுக்கு வெப்பம்தான் எதிரி. வெற்றிடத்தில் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியே தள்ள முடியும். 300 கெல்வினில் இருக்கும் தகடு சதுர மீட்டருக்கு 460 வாட் வெளியேற்றினால், 1,000 கெல்வினில் அதே தகடு 57,000 வாட் வெளியேற்றும். வெப்பநிலையின் நான்காம் அடுக்கு என்பதால் இந்தப் பாய்ச்சல். ஆகவே அந்தக் கப்பலுக்குச் சிவக்கக் காய்ந்த பெரிய இறக்கைகள் இருக்கும். விரித்தால் முழு பலத்தில் சுடலாம், ஆனால் இறக்கையில் அடி விழும். மடக்கினால் பாதுகாப்பு, ஆனால் சுடும் ஒவ்வொரு முறையும் ஒரு வெப்ப வில்லை சேரும், நான்கு சேர்ந்தால் உலை அணைந்துவிடும். இப்படி ஒரு தரப்புக்கு ஒரே ஒரு கவலை: சீரிஸுக்குத் திசை, செவ்வாய்க்கு எரிபொருள், கலிஸ்டோவுக்கு வெப்பம்.

எல்லாக் கப்பலுக்கும் மூன்றையும் வைத்துவிடுவதுதான் ஆர்வக்கோளாறில் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரு பக்கம் ஆறு கப்பல் என்றால் பதினெட்டு கணக்கு. இரண்டு பக்கமும் சேர்ந்து முப்பத்தாறு. மூன்றாவது சுற்றில் யாரோ ஒரு வில்லையை நகர்த்த மறப்பார், ஐந்தாவது சுற்றில் எல்லாரும் மறந்திருப்பார்கள். ஒளித் தாமதத்திலும் இதே கோளாறு உண்டு. செவ்வாய்க்கும் கலிஸ்டோவுக்கும் இடையே செய்தி போக அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு வரை ஆகும். இது கேட்க நன்றாக இருப்பதால் பலர் இதைச் சண்டை மேசையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். மேசை ஒரு லட்சம் கிலோமீட்டர் அகலம் என்று வைத்தாலும் ஒளி அதை நொடியில் மூன்றில் ஒரு பங்கில் கடந்துவிடும். தாமதம் சண்டையில் அல்ல, சண்டைகளை இணைக்கும் தொடர் ஆட்டத்தில் இருக்க வேண்டிய விதி: தலைமையகத்தின் கட்டளையை உறையில் போட்டு ஒட்டி, ஒரு சுற்று கழித்துத் திறக்கச் சொல்லுங்கள், போதும்.

தொடர் ஆட்டத்துக்கு நாட்காட்டி அவசியம். சீரிஸிலிருந்து செவ்வாய்க்குக் குறைந்த எரிபொருளில் வரும் பாதையில் பயணம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. அந்தப் பாதை திறக்கும் வாய்ப்பு சுமார் 38 மாதங்களுக்கு ஒருமுறைதான். ஒரு சுற்றை இரண்டு மாதமாக வைத்தால் 19 சுற்றுக்கு ஒருமுறை தண்ணீர்த் தொட்டிகளின் தொடர் கிளம்பும், 9 சுற்று ஆளில்லா வெளியில் மிதந்து வரும். எப்போது கிளம்பும், எங்கே இருக்கும் என்று மூன்று தரப்புக்கும் முன்கூட்டியே தெரியும். ஒளிக்க முடியாத புதையல்! போர் எங்கே மூளும் என்று விதி எழுதியவர் சொல்ல வேண்டியதே இல்லை.

இங்கேதான் நம் புறத்திணை கைகொடுக்கிறது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, ஆட்ட வகைகளைப் பிரிக்க இதைவிடக் கச்சிதமான அட்டவணை கிடைப்பது அரிது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மதிலை முற்றுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி, களம் குறித்து நேர் நின்று மோதுவது தும்பை. தண்ணீர்த் தொடரை மடக்குவது அச்சு அசல் வெட்சி: ஆறு சுற்றுக்குள் மூன்று தொட்டிகளைத் தன் பக்க விளிம்பைத் தாண்டி இழுத்துப் போனால் வெற்றி, எதிரிக் கப்பல் ஒன்றைக்கூடச் சுட்டு வீழ்த்த வேண்டியதில்லை. கட்டுரையில் தந்திருக்கும் ஒரே ஆட்டமோ ‘எதிரியை முழுதாக அழி’ என்ற தும்பை. தும்பையில் மட்டும் விளையாடினால் வேகமான, மெல்லிய கப்பல் வைத்திருக்கும் தரப்பு எப்போதும் தோற்கும். உடனே அதற்குக் கவசம் கூட்டுவார்கள், பீரங்கி கூட்டுவார்கள்; ஒரு மாதத்தில் எல்லாத் தரப்பும் ஒரே அச்சாகிவிடும். கோளாறு தரப்பில் இல்லை, ஆட்டத்தில். ஐந்து வகையையும் எழுதி வைத்துக்கொண்டு பகடை உருட்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஆறு விழுந்தால் மறுபடி உருட்டுங்கள்.

இனி அந்த 40 புள்ளி. அட்டைப்படி சிறிய கப்பலுக்குத் தாக்குதல் (ஒரு சுற்றில் கொடுக்கும் அடி) 1, தாங்குதிறன் (எத்தனை அடியில் வீழும் என்பது) 2, விலை 10. பெரிய கப்பலுக்குத் தாக்குதல் 2, தாங்குதிறன் 4. இரண்டு மடங்கு தாக்குதல், இரண்டு மடங்கு தாங்குதிறன், ஆக நான்கு மடங்கு என்று பெருக்கி 40 போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு நியாயமாகத்தான் படும். பகடையை ஒதுக்கிவிட்டு, எல்லா அடியும் படுகிறது, இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுடுகிறது, ஒவ்வொன்றாகக் குறிவைத்து வீழ்த்துகிறது என்று வைத்து 200 புள்ளிக்கு ஆடிப் பாருங்கள். ஒரு பக்கம் 20 சிறிய கப்பல், மறுபக்கம் 5 பெரிய கப்பல். முதல் சுற்றில் சிறியவை 20 அடி கொடுக்கின்றன. பெரியவற்றின் மொத்தத் தாங்குதிறன் 5 பெருக்கல் 4, அதாவது 20. ஒரே சுற்றில் ஐந்தும் காலி. பதிலுக்கு அவை கொடுக்கும் 10 அடியில் ஐந்து சிறியவை போகும், பதினைந்து மீதி.

இப்போது பெரிய கப்பலின் விலையை 20 ஆக்குங்கள்: 20 சிறியவை, 10 பெரியவை. முதல் சுற்றில் இரு பக்கமும் 20 அடி. 10 சிறியவை, 5 பெரியவை மிச்சம். இரண்டாவது சுற்றில் இரு பக்கமும் 10 அடி. சிறியவை 5, பெரியவை 3, அதில் ஒன்று பாதி சேதம். மூன்றாவது சுற்றின் முடிவில் சிறியவை 2, பெரியவை 2, அதில் ஒன்றுக்கு உயிர் ஒரு புள்ளி. நான்காவதில் சிறியவை முடிந்தன; ஒரே ஒரு பெரிய கப்பல், நான்கில் ஒரு புள்ளியை இழந்து நிற்கிறது. நூலிழை வெற்றி. இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஆடத் தகுந்த சண்டை என்றால் இதுதான்.

காரணம் புதிதல்ல. பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் 1916இல் வெளியான நூலில் விளக்கிய வர்க்க விதி இது. எல்லாரும் எல்லாரையும் சுட முடிகிற வெளியில் ஒரு படையின் பலம், தனிக் கப்பலின் தரம் பெருக்கல் எண்ணிக்கையின் வர்க்கம். எண்ணிக்கையை இரட்டித்தால் பலம் நான்கு மடங்கு. ஆகவே நான்கு மடங்கு தரமுள்ள கப்பலுக்கு விலை, நான்கின் வர்க்கமூலமான இரண்டு மடங்குதான். தாக்குதலையும் தாங்குதிறனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், அதுவே விலைக்குத் தொடக்கப் புள்ளி. ‘எண்ணிக்கையில் குறைவு, தரத்தில் உயர்வு’ என்று எழுதப்படும் தரப்புகள் மேசையில் தொடர்ந்து உதை வாங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த வர்க்கமூலத்தை மறந்ததுதான்.

ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். நிலையத்துக்குள் புகுந்து குறுகலான வழித்தடத்தில் ஒருவருக்கு ஒருவர் மட்டும் மோதினால் எண்ணிக்கை பின்னால் வரிசையில் நிற்கும், உதவாது. அதே எண்களோடு அங்கே பாருங்கள்: பெரியவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறியவரை வீழ்த்தி ஒரு அடி வாங்குகிறார், நான்காவது ஆளோடு சேர்ந்து விழுகிறார். சரியாக நான்குக்கு ஒன்று. வழித்தடத்தில் கட்டுரையின் கணக்கு சரி, வெட்டவெளியில் தவறு. இரண்டு பேர் அல்லது மூன்று பேர் ஒரே நேரத்தில் சுட முடிகிற இடமானால் 20க்கும் 40க்கும் நடுவே, 30 அளவில் தொடங்கிச் சோதித்துச் சரிசெய்ய வேண்டியதுதான். அதற்கு நேர் சூத்திரம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அடி வீணாவதையும் கவனிக்க வேண்டும். தாக்குதல் 2 உள்ள கப்பல் தாங்குதிறன் 1 உள்ள படகைச் சுட்டால் பாதி அடி காற்றில் போகிறது. மீதி அடி அடுத்த இலக்குக்குத் தாவலாமா கூடாதா என்று விதிப் புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி மாறினால் எல்லா விலையும் மாறும்.

தரப்புகளுக்குச் சலுகை கொடுக்கும்போது ‘பகடைக்கு 1 கூட்டு’ என்று எழுதுவது சுலபம். அதுவும் பொறிதான். ஆறு விழுந்தால் மட்டுமே படும் ஆயுதத்துக்கு 1 கூட்டினால் அடி இரண்டு மடங்காகிறது. மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் படும் ஆயுதத்துக்கு அதே 1 கால் பங்குதான் கூட்டுகிறது. ஒரே சலுகை, ஒரு தரப்புக்கு வரம், இன்னொன்றுக்கு வெறும் பேச்சு. பதிலாக ஒரு பகடை அதிகமாக உருட்டக் கொடுங்கள். நான்கு பகடை ஐந்தானால் எந்த ஆயுதமானாலும் சராசரி அடி கால் பங்கு கூடும்.

சோதனை ஆட்டத்தில் அவசரம் கூடாது. மூன்று தரப்புக்கு மூன்று ஜோடி. ஆறு தரப்புக்குப் பதினைந்து, எட்டுக்கு இருபத்தெட்டு. அதனால்தான் மூன்றோடு தொடங்கச் சொல்கிறோம். பத்து ஆட்டத்தில் ஒரு தரப்பு ஏழு வென்றதும் பதறிப்போய் அதன் பல்லைப் பிடுங்காதீர்கள். இரண்டும் சரிசமமாக இருந்தாலும் குறிப்பிட்ட ஒரு பக்கம் ஏழோ அதற்கு மேலோ வெல்ல நூற்றுக்குப் பதினேழு வாய்ப்பு இருக்கிறது. நாற்பது ஆட்டத்தில் இருபத்தெட்டு வென்றால் மட்டும் சந்தேகப்படலாம்; அது தற்செயலாக நடக்க நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. பாதி ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் தரப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது கப்பலையா ஆளையா என்று தெரியாது.

கதை எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தரப்பின் வரலாற்றையும் எதிர்த்தரப்பு ஆள் எழுதுவது போல ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வழக்கும் தயாராகவே இருக்கிறது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் விண்பொருளைத் தனதென்று சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது. தோண்டி எடுத்த பொருள் யாருக்கு என்பதில்தான் இழுபறி. தம் குடிமக்கள் எடுத்தது அவர்களுக்கே என்று அமெரிக்கா 2015இல் சட்டம் போட்டது. சீரிஸ்காரர் ‘வெட்டியது நாங்கள், எங்கள் பனி’ என்பார். செவ்வாய்க்காரர் ‘யாருக்கும் சொந்தமில்லாததை எங்களுக்கு விலைபேசுகிறார்கள்’ என்பார். இரண்டையும் படிப்பவருக்கு இரண்டுமே நியாயமாகப் படவேண்டும். தங்களை ‘ஊற்றுக்காவலர்’ என்று அழைத்துக்கொள்பவர்களை மற்றவர்கள் ‘தண்ணிக்காரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள்; இரண்டு பெயரையும் அட்டையில் போடுங்கள். இன்று வாழும் ஏதோவொரு நாட்டையோ மதத்தையோ சாதியையோ அப்படியே தூக்கி வில்லன் தரப்பாக்குவது மட்டும் வேண்டாம். அது கெடுதல் என்பதோடு சோம்பேறித்தனமும்கூட.

அட்டைகளை ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்: பெரிய கப்பலின் வலது மூலையில் இருக்கும் 40ஐ அடித்துவிட்டு 20 என்று எழுதிக்கொள்ளவும். நிலையத்துக்குள் நடக்கும் வழித்தடச் சண்டைக்கு மட்டும் பழைய எண்ணே இருக்கட்டும். அதை அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மேசைப் போர் விளையாட்டு விதிகள் எழுதும் வாசகர்கள் சிலர்